மியூனிக் தோல்விக்குப் பிறகு இன்டர் மிலான்: கேள்வி பதில்

2025 மே 31 அன்று மியூனிக்கில் நடந்த சாம்பியன்ஸ் லீக் இறுதிப் போட்டியில் இத்தாலியக் கால்பந்துக் கிளப்பான இன்டர் மிலான், பாரிஸ் செயின்ட் ஜெர்மைனிடம் 0-5 என்ற கணக்கில் தோற்றது. மூன்றே நாளில் பயிற்சியாளர் சிமோனே இன்சாகி விடைபெற்றார். ஜூன் 9 அன்று ருமேனியரான கிறிஸ்தியான் கிவு பொறுப்பேற்றார். ஜூன் 30 அன்று, அமெரிக்காவில் நடந்த கிளப் உலகக் கோப்பையில் பிரேசிலின் ஃபுளுமினென்சேயிடம் 0-2 எனத் தோற்று அணி ஊர் திரும்பியது. இந்தக் கிளப்பின் எதிர்காலம் குறித்து உறுப்பினர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு, 2025 ஜூலை நடுப்பகுதி வரையிலான நிலவரத்தை வைத்துப் பதில் எழுதியிருக்கிறேன்.

கேள்வி: ஐயா, ஒரு இறுதிப் போட்டியில் ஐந்து கோல் வாங்கிய அணி மனதளவில் மீண்டு வருமா? இதற்கு முன்னுதாரணம் உண்டா?

பதில்: இதே அளவுக்கு முன்னுதாரணம் இல்லை. ஐரோப்பிய சாம்பியன் கிளப்பைத் தீர்மானிக்கும் இறுதிப் போட்டிகளில் அதுவரை எந்த அணியும் நான்கு கோலுக்கு மேற்பட்ட வித்தியாசத்தில் தோற்றதில்லை. அந்த நான்கு கோல் தோல்விகளில் நமக்குப் பாடமாக இருப்பது, 1994இல் ஏதென்சில் பார்சிலோனா, இன்டரின் உள்ளூர் எதிரியான ஏசி மிலானிடம் 0-4 எனத் தோற்றது. யோஹான் கிரைஃப் உருவாக்கிய அந்த அணியிலிருந்து அதே கோடையில் கோல்கீப்பர் சுபிசரேட்டா அனுப்பப்பட்டார், லாட்ரூப் ரியல் மாட்ரிட்டுக்குப் போனார், சில மாதங்களில் ரொமாரியோவும் பிரேசிலுக்குத் திரும்பினார். அடுத்த இரண்டு பருவங்களிலும் லீக் பட்டம் கிடைக்காமல், 1996இல் கிரைஃபே நீக்கப்பட்டார்.

எதிர்ப்பக்கத்தில் இரண்டு அணிகள் நிற்கின்றன. 2012இல் பயர்ன் மியூனிக் தன் சொந்த மைதானத்திலேயே செல்சியிடம் பெனால்டியில் தோற்றது. அதே பருவத்தில் லீக்கையும் ஜெர்மன் கோப்பையையும் டார்ட்மண்டிடம் இழந்திருந்தது. ஆனாலும் பயிற்சியாளர் ஹைன்கெஸை மாற்றாமல், ஹாவி மார்டினெஸ், டான்டே, மான்சுகிச் ஆகியோரைச் சேர்த்து, அடுத்த ஆண்டே மூன்று கோப்பைகளையும் வென்றது. 2018இல் கீவில் ரியல் மாட்ரிட்டிடம் தோற்ற லிவர்பூல், அலிசனையும் ஃபபின்யோவையும் வாங்கி 2019இல் மாட்ரிட்டில் கோப்பையைத் தூக்கியது. தோல்வியின் அளவு அல்ல, அதற்கு அடுத்த கோடையில் கிளப் என்ன செய்கிறது என்பதே ஒவ்வொரு முறையும் முடிவைத் தீர்மானித்திருக்கிறது. பயர்னும் லிவர்பூலும் முதுகெலும்பை வைத்துக்கொண்டு ஓட்டையை அடைத்தன. பார்சிலோனா முதுகெலும்பையே கழற்றியது. இன்டர் இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது என்பதே என் கவலை.

கேள்வி: மியூனிக்கில் நடந்தது உடல் சோர்வா, உத்திப் பிழையா?

பதில்: இரண்டும் ஒன்றையொன்று வளர்த்தன. இன்டர் 3-5-2 அமைப்பில் (மூன்று தற்காப்பாளர், ஐந்து நடுக்கள வீரர், இரண்டு முன்கள வீரர்) ஆடும்போது, பக்கவாட்டில் ஓடும் டிமார்கோவும் டம்ஃப்ரீசும் ஒரே ஆளாகத் தாக்குதலையும் தற்காப்பையும் சுமக்கிறார்கள். பந்து தங்களிடம் இருக்கும் நேரத்தில் இது பெரிய பலம். பந்தை இழந்த அடுத்த ஐந்து விநாடிகளில் இதுவே பெரிய பலவீனம். பாரிஸ் அணி முதல் நிமிடத்திலிருந்தே ஆளுக்கு ஆள் நெருக்கியதால், பின்களத்திலிருந்து பந்தைக் கட்டியெழுப்பும் இன்டரின் வழக்கமான வழி அடைபட்டது. நீண்ட பந்துகள் அடிக்கப்பட்டன, அவை உடனே திரும்பி வந்தன.

முதல் இரண்டு கோல்களையும் மறுபடி பாருங்கள். 12ஆவது நிமிடத்தில் பாரிசின் விட்டின்யா கொடுத்த பந்தைச் சக வீரர் டூவே பெறும்போது, டிமார்கோ சக தற்காப்பாளர்களின் வரிசைக்குப் பின்னால் நின்றதால் ஆஃப்சைடு இல்லாமல் போயிற்று. டூவே குறுக்கே தள்ளிய பந்தை ஹக்கிமி வலைக்குள் சேர்த்தார். 20ஆவது நிமிடத்தில், இன்டர் எதிரணிக் களத்தின் ஓரத்தில் பந்தை இழந்ததும் பாரிஸ் ஒரே ஓட்டத்தில் மறுமுனைக்கு வந்தது. டூவேயின் உதை டிமார்கோ மேல் பட்டு உள்ளே போனது. இரண்டிலும் குற்றம் டிமார்கோ ஒருவருடையது என்று சொல்வது நியாயமாகாது. அந்த இறுதிப் போட்டி இன்டருக்கு அந்தப் பருவத்தின் 59ஆவது ஆட்டம். லீக், இத்தாலியக் கோப்பை, சூப்பர் கோப்பை, சாம்பியன்ஸ் லீக் ஆகிய நான்கிலும் ஏறக்குறைய கடைசி வரை ஆடிய ஓர் அணியின் பக்கவாட்டு வீரர், 19 வயது எதிராளியின் பின்னால் ஓடிக்கொண்டிருந்தார்.

கேள்வி: இந்த அணிக்கு வயதாகிவிட்டது என்பதுதானே உண்மை? ஏன் சுற்றி வளைத்துப் பேச வேண்டும்?

பதில்: நேராகவே சொல்கிறேன். இறுதிப் போட்டியில் தொடங்கிய பதினொருவரின் சராசரி வயது 30ஐத் தாண்டியது. அதே ஆட்டத்தில் பாரிசுக்காகக் கோல் அடித்த டூவே, மயூலு இருவருக்கும் 19 வயது.

ஆனால் சராசரி வயதை மட்டும் வைத்துத் தீர்ப்பெழுதக் கூடாது. 2005இல் இஸ்தான்புல்லில் லிவர்பூலிடம் 3-0 முன்னிலையை இழந்து தோற்ற ஏசி மிலான், இரண்டு ஆண்டுகளில் இன்னும் முதிர்ந்த நிலையில் அதே லிவர்பூலை ஏதென்சில் 2-1 என வென்றது. அப்போது கேப்டன் மால்டினிக்கு 38 வயது. இரண்டு கோலையும் அடித்தவர் சிமோனே இன்சாகியின் அண்ணன் ஃபிலிப்போ. ஆகவே வயது எந்த இடத்தில் குவிந்திருக்கிறது என்று பார்க்க வேண்டும். இன்டரில் அது மைய அச்சில் குவிந்திருக்கிறது: கோல்கீப்பர் சோமருக்கு 36, நடுத் தற்காப்பாளர் அச்செர்பிக்கு 37, நடுக்களத்தில் மிகித்தரியானுக்கு 36, சல்ஹனோலுவுக்கு 31. மறுபக்கம் பஸ்தோனிக்கு 26, லவுத்தாரோ, துராம், டிமார்கோ மூவருக்கும் 27, பரெல்லாவுக்கு 28. இவர்கள் கையில் இன்னும் மூன்று நான்கு நல்ல பருவங்கள் இருக்கின்றன. ஆக, அணி முழுவதையும் இடித்துக் கட்டத் தேவையில்லை. மாற்றவேண்டியது நான்கு தூண்களை மட்டுமே. ஆனால் நான்கையும் ஒரே கோடையில் பிடுங்கினால் கூரை இறங்கிவிடும்.

என் கணிப்பில் அவசரம் முதலில் நடுக்களத்தில், அடுத்து நடுத் தற்காப்பில். கோல்கீப்பர் இடம் இன்னும் ஓராண்டு பொறுக்கும். பார்சிலோனாவுக்கு எதிரான அரையிறுதியில் சோமர் காட்டிய ஆட்டத்தை மறந்துவிட்டு அவரை வெளியேற்றச் சொல்வதில் எனக்கு உடன்பாடில்லை.

கேள்வி: இறுதிப் போட்டி முடிந்த மூன்றே நாளில் இன்சாகி சவூதிக்குப் போனது துரோகம் இல்லையா அண்ணா?

பதில்: அந்தச் சொல்லை நான் பயன்படுத்த மாட்டேன். நான்கு ஆண்டுகளில் ஒரு லீக் பட்டம், இரண்டு இத்தாலியக் கோப்பைகள், மூன்று சூப்பர் கோப்பைகள், இரண்டு சாம்பியன்ஸ் லீக் இறுதிப் போட்டிகள்: ஒரு பயிற்சியாளர் கிளப்புக்குச் செலுத்த வேண்டிய கடனை அவர் செலுத்திவிட்டார். அவர் தொடர்ந்திருந்தாலும், அதே வீரர்களிடம் அதே உழைப்பை ஐந்தாவது ஆண்டும் பெற்றிருப்பார் என்பதற்கு உறுதியில்லை.

ஆனால் காலம் பாதகமாக அமைந்தது உண்மை. ஜூன் 9 அன்று வந்த கிவு, ஜூன் 17 அன்று லாஸ் ஏஞ்சலஸ் அருகே மான்டெர்ரேக்கு எதிராக அணியை இறக்க வேண்டியிருந்தது. முறையான முன்பயிற்சி இல்லை, ஓய்வும் இல்லை. ஃபுளுமினென்சேயிடம் தோற்ற நாளில் வீரர்கள் அந்தப் பருவத்தின் 63ஆவது ஆட்டத்தை முடித்தார்கள். கிவுவைப் பற்றி அந்த நான்கு ஆட்டங்களை வைத்து யாரும் முடிவு கட்ட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

கேள்வி: முதல்நிலை லீக்கில் 13 ஆட்டங்கள் மட்டுமே நடத்திய ஒருவரிடம் இவ்வளவு பெரிய கிளப்பைக் கொடுத்தது சரியா?

பதில்: அதை ஆபத்தான தெரிவு என்று சொல்லலாம், பொறுப்பற்ற தெரிவு என்று சொல்ல முடியாது. முதலில் கிளப் நாடியது கோமோவின் செஸ்க் ஃபேப்ரிகாசை. அவரை விட்டுக்கொடுக்க கோமோ மறுத்த பின்புதான் கிவு வந்தார். 2025 பிப்ரவரியில், கீழிறங்கும் நிலையில் இருந்த பார்மாவை ஏற்று, லீக்கில் நிலைக்க வைத்தார். அந்த 13 ஆட்டங்களில் மூன்றில் மட்டுமே தோல்வி. ஏப்ரலில் இதே இன்டருக்கு எதிராக 0-2 எனப் பின்தங்கிய பார்மா, இரண்டாம் பாதியில் 2-2 ஆக்கியது. அந்த ஆட்டத்தில் இழந்த இரண்டு புள்ளிகள் இருந்திருந்தால் லீக் பட்டம் இன்டருக்கு வந்திருக்கும்.

கிவு இந்த வீட்டுக்குப் புதியவரும் அல்ல. 2007 முதல் 2014 வரை இங்கே தற்காப்பாளராக ஆடியவர். 2010 ஜனவரியில் கியேவோவுக்கு எதிரான ஆட்டத்தில் மண்டையோடு உடைந்து, சில மாதங்களில் தலைக்கவசத்துடன் களத்துக்குத் திரும்பி, மூன்று கோப்பைகள் வென்ற அணியில் இறுதி வரை இருந்தவர். பிறகு இன்டரின் இளையோர் பிரிவுகளில் பயிற்சியளித்து, 2022இல் 19 வயதுக்குட்பட்டோர் பட்டத்தையும் வென்றார். இளம் வீரர்களை முதல் அணிக்குள் நுழைக்கும் வேலைக்கு அவரை விடப் பொருத்தமானவர் சந்தையில் கிடைத்திருப்பார் என்று நான் நினைக்கவில்லை. அவரிடம் இல்லாதது, புதன் இரவு ஐரோப்பாவிலும் சனிக்கிழமை லீக்கிலும் மாறி மாறி வெல்ல வேண்டிய அணியை நடத்திய அனுபவம். அதை வேலையில் இருந்துகொண்டேதான் கற்க வேண்டும்.

கேள்வி: மூன்று தற்காப்பாளர் அமைப்பை இனிக் கைவிட வேண்டுமா?

பதில்: வேண்டாம். 2019இல் அன்டோனியோ கோன்தே வந்ததிலிருந்து இந்தக் கிளப் வாங்கிய ஆட்களில் பெரும்பாலோர் அந்த அமைப்புக்காகவே தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள். இடப்பக்கத்திலிருந்து மேலேறிப் போகும் பஸ்தோனியைச் சாதாரண நால்வர் வரிசையில் அடைத்தால் அவருடைய பாதி மதிப்பு போய்விடும். மாற வேண்டியது வேறு: பந்தை இழந்தவுடன் பின்வாங்கி அணி கூடுவதற்குப் பதில், அங்கேயே நெருக்கி மீட்க வேண்டும். இதற்குக் கால்கள் வேண்டும். எனவே கேள்வி மறுபடியும் நடுக்களத்துக்கே போகிறது.

கேள்வி: ஃபுளுமினென்சே ஆட்டத்துக்குப் பிறகு லவுத்தாரோ பேசியது அணியைப் பிளந்துவிட்டதா?

பதில்: இங்கே இருக்க விரும்புகிறவர் இருக்கட்டும், விரும்பாதவர் போகட்டும் என்ற பொருளில் கேப்டன் பேசினார். அது சல்ஹனோலுவைக் குறித்தது என்பதைக் கிளப் தலைவர் மரோட்டாவே வெளிப்படையாகச் சொன்னார். சல்ஹனோலு, துருக்கியின் கலத்தாசராய்க்குப் போகக்கூடும் என்ற பேச்சு அதற்கு முன்பே இருந்தது. தன் தரப்பை அவரும் பொதுவெளியில் எழுதினார்.

கேப்டனுடைய கோபம் உண்மையானது, அதை நான் மதிக்கிறேன். அந்த ஐரோப்பியப் பருவத்தில் ஒன்பது கோல் அடித்த ஒருவர், காயத்தோடு இறங்கி பார்சிலோனாவைத் தாண்ட உதவிய ஒருவர், ஒரே மாதத்தில் எல்லாம் கைநழுவுவதைப் பார்த்துப் பேசியது அது. எனினும் உடைமாற்றும் அறையில் சொல்ல வேண்டியதை ஒலிவாங்கி முன் சொன்னதால், சல்ஹனோலுவை விற்கும் நிலை வந்தால் கிளப்பின் பேரம்பேசும் பலம் குறைந்தது. அவரைத் தக்கவைப்பதே நல்லது என்பது என் கருத்து. பின்னிருந்து ஆட்டத்தை நெறிப்படுத்தும் அந்த இடத்துக்கு அணிக்குள் இன்னும் தகுந்த மாற்று உருவாகவில்லை.

கேள்வி: பணம் இருக்கிறதா? இப்போதைய உரிமையாளர்கள் ஒரு முதலீட்டு நிறுவனம்தானே?

பதில்: ஆம். சீனாவின் சுனிங் குழுமம் ஏறக்குறைய 39.5 கோடி யூரோ கடனைத் திருப்பிக் கட்டத் தவறியதால், 2024 மே மாதத்தில் அமெரிக்க நிறுவனமான ஓக்ட்ரீ கிளப்பை எடுத்துக்கொண்டது. இப்படிப்பட்ட உரிமையாளர் கிளப்பின் மதிப்பை உயர்த்த விரும்புவார். எனவே 33 வயது வீரருக்குப் பெரிய சம்பளம் தருவதை விட 22 வயது வீரரை வாங்கி வளர்ப்பதையே விரும்புவார். இன்டரின் இன்றைய தேவையும் அதுவே என்பதால், இந்த முறை இருவருடைய நோக்கமும் ஒத்துப்போகிறது. இறுதிப் போட்டி வரை சென்றதால் கிடைத்த ஐரோப்பிய வருமானம் 10 கோடி யூரோவைத் தாண்டும் என்பதும் துணை.

பழைய வறுமையின் வடு மியூனிக்கிலேயே தெரிந்தது. முதல் கோலை அடித்துவிட்டுக் கொண்டாடாமல் கைகூப்பிய ஹக்கிமி, 2021இல் இன்டருக்கு லீக் பட்டம் வென்று தந்தவர். கணக்கைச் சரிக்கட்ட அதே கோடையில் பாரிசுக்கு விற்கப்பட்டவர். அத்தகைய விற்பனை இந்தக் கோடையில் நடக்காது என்றே நம்புகிறேன். சொந்த மைதானம் இல்லாததுதான் நீண்டகாலச் சிக்கலாக இருந்தது. அவர்கள் ஆடும் சான் சிரோ மைதானம் 2025 ஜூலையில் மாநகராட்சியின் சொத்தாகவே இருந்தது. அதை வாங்குவது குறித்து இன்டரும் ஏசி மிலானும் சேர்ந்து அப்போது நடத்திய பேச்சு முடியாத வரை, இங்கிலாந்துக் கிளப்புகளின் வருமானத்தை எட்ட முடியாத நிலை இருந்தது.

கேள்வி: இதுவரை வந்த புதியவர்களைப் பற்றிச் சொல்லுங்கள்.

பதில்: மார்செயிலிருந்து பிரேசிலியரான லூயிஸ் ஹென்ரிக்கே, தினமோ சாக்ரெபிலிருந்து குரோஷியரான பெட்டார் சுச்சிச், பார்மாவிலிருந்து பிரெஞ்சுக்காரரான போனி: மூவரும் 23 வயதுக்கு மேற்படாதவர்கள். இவர்களில் நான் அதிகம் எதிர்பார்ப்பது சுச்சிச்சிடம். 21 வயதில் பந்தைச் சுமந்துகொண்டு எதிரணியின் வரிசையைக் கடக்கிறார். மிகித்தரியான் ஆடும் இடத்தை ஆட்டத்துக்கு ஆட்டம் பகிர்ந்துகொண்டு, ஓராண்டில் அதைத் தனதாக்க முடியும். லூயிஸ் ஹென்ரிக்கே இயல்பில் முன்கள வீரர்; தற்காப்புப் பொறுப்பைக் கற்க அவருக்கு நேரம் பிடிக்கும்.

பியோ எஸ்போசித்தோவைத் தனியே சொல்ல வேண்டும். இன்டரின் இளையோர் பிரிவில் வளர்ந்து, கடனாகப் போன ஸ்பெசியாவில் இரண்டாம்நிலை லீக்கில் கோல் மேல் கோல் அடித்து, ஜூன் இறுதியில்தான் 20 வயதைத் தொட்டவர். கிளப் உலகக் கோப்பையில் ரிவர் பிளேட்டுக்கு எதிராக முதல் கோலை அடித்தார். இதன் மதிப்பை உணர, ஏப்ரலை நினைத்துப் பாருங்கள். துராம் காயத்தால் வெளியே இருந்த ஒரே வாரத்தில், 20ஆம் தேதி போலோன்யாவிடமும், 23ஆம் தேதி கோப்பை அரையிறுதியில் ஏசி மிலானிடமும், 27ஆம் தேதி ரோமாவிடமும் இன்டர் ஒரு கோல்கூட அடிக்காமல் தோற்றது. மாற்று முன்கள வீரர்களான அர்னாட்டோவிச், கொரேயா, தரேமி ஆகியோரால் அந்த வாரத்தைத் தாங்க முடியவில்லை. நாப்போலி 82 புள்ளி, இன்டர் 81 புள்ளி என்று பருவம் முடிந்ததற்கு அந்த வாரமே பெரிய காரணம். முதல் இருவருடைய ஒப்பந்தம் முடிந்துவிட்டது. எஸ்போசித்தோவும் போனியும் அந்த இடத்தை நிரப்பினாலே அணி சென்ற ஆண்டை விட ஆழமாகிவிடும்.

கேள்வி: எனக்கு எழுபது வயது நெருங்குகிறது. 1967இல் லிஸ்பனில் செல்டிக்கிடம் இன்டர் தோற்றதைப் பற்றி என் தந்தை பேசக் கேட்டிருக்கிறேன். அன்றைய சரிவு இப்போது திரும்புகிறதா?

பதில்: உங்கள் கேள்விக்கு நன்றி ஐயா. இந்த ஒப்பீட்டை யாராவது எழுப்ப வேண்டும் என்று காத்திருந்தேன். 1964, 1965 ஆகிய ஆண்டுகளில் ஐரோப்பியக் கோப்பையை வென்ற எலேனியோ எர்ரேராவின் அணி, 1967 மே 25 அன்று லிஸ்பனில் முதலில் கோல் அடித்தும் 1-2 எனத் தோற்றது. ஒரு வாரம் கழித்து, ஜூன் 1 அன்று, லீக்கின் கடைசி ஆட்டத்தில் மான்டோவாவிடம் 0-1 எனத் தோற்று, ஒரே ஒரு புள்ளியில் பட்டத்தை யுவென்டசிடம் இழந்தது. இத்தாலியக் கோப்பையிலும் அரையிறுதியில் வெளியேறியது. 2025இலும் லீக் ஒரு புள்ளியில் போயிற்று, கோப்பை அரையிறுதியில் போயிற்று, ஐரோப்பா இறுதியில் போயிற்று. வரிசை அப்படியே இருக்கிறது.

அதன்பின் என்ன நடந்தது என்பதே முக்கியம். கேப்டன் பிக்கி அந்தக் கோடையிலேயே வரேசேக்கு அனுப்பப்பட்டார், அவருடைய துணையான குவார்னேரி போலோன்யாவுக்குப் போனார். தற்காப்பின் நடுப்பகுதி ஒரே நாளில் காணாமல் போனது போலாயிற்று. அடுத்த பருவத்தில் இன்டர் ஐந்தாம் இடம். 1968இல் எர்ரேரா ரோமாவுக்குப் போனார், உரிமையாளர் ஆஞ்சலோ மொராட்டியும் கிளப்பை விற்றார். ஆனால் ஃபக்கெட்டி, மத்சோலா, புர்னிச், கோர்சோ ஆகியோர் இருந்தார்கள். 1970-71 பருவத்தின் நடுவே, இளையோர் பிரிவிலிருந்து மேலே கொண்டுவரப்பட்ட முன்னாள் வீரர் இன்வெர்னித்சியின் கீழ் அவர்கள் லீக் பட்டத்தை வென்றார்கள், 1972இல் மறுபடி ஐரோப்பிய இறுதிப் போட்டிக்கும் போனார்கள்.

ஆகவே அன்று சரிவும் இருந்தது, மீட்சியும் இருந்தது. இடையில் நான்கு ஆண்டுகள் வீணாயின. பஸ்தோனி, பரெல்லா, லவுத்தாரோ ஆகிய மூவரும் இருக்கும் வரை அந்த நான்கு ஆண்டு இடைவெளி தேவையில்லை என்று நான் உறுதியாக நம்புகிறேன். அச்செர்பிக்கு மாற்று தயாராகும் முன் அவரைப் பிக்கியைப் போல அனுப்பிவிடக் கூடாது என்பதையும் அதே உறுதியோடு சொல்கிறேன்.

கேள்வி: 2015, 2017 என இரண்டு இறுதிகளில் தோற்ற யுவென்டஸ் பிறகு ஐரோப்பாவில் தலையெடுக்கவில்லை. 2023, 2025 என இரண்டில் தோற்ற இன்டருக்கும் அதே கதிதானா?

பதில்: யுவென்டஸ் 2018இல் 33 வயது ரொனால்டோவுக்குப் பத்து கோடி யூரோ கொடுத்து, ஒரே வீரரால் இறுதித் தடையைத் தாண்டிவிடலாம் என்று நினைத்தது. அயாக்ஸ், லியோன், போர்ட்டோ என்று அடுத்தடுத்த ஆண்டுகளில் வெளியேறியது. சம்பளச் சுமை மட்டும் தங்கியது. இன்டர் எதிர்த்திசையில் செல்கிறது. வேகமான பலனைத் தராது என்றாலும், வழி சரியானது.

கேள்வி: வரும் 2025-26 பருவத்தில் எதை வெற்றி என்று எடுத்துக்கொள்ளலாம்?

பதில்: லீக் பட்டத்துக்குக் கடைசி வாரம் வரை போட்டியிடுவது. கோன்தே நாப்போலியிலேயே தொடர்கிறார், டி ப்ரூய்னேயும் அங்கே சேர்ந்திருக்கிறார். ஐரோப்பியப் போட்டிகளே இல்லாத ஏசி மிலான், அலெக்ரியின் கீழ் வாரம் முழுவதும் பயிற்சி செய்யும் வசதியோடு வரும். இவற்றையெல்லாம் தாண்டி முதல் இடம் வருவது சாத்தியமே, ஏனெனில் பதினைந்து பேர் அளவில் பார்த்தால் இத்தாலியில் இன்னும் இதுவே வலுவான அணி. சாம்பியன்ஸ் லீக்கில் காலிறுதியை எட்டினால் நான் நிறைவடைவேன். மூன்றாவது இறுதிப் போட்டியைக் கேட்பது, இன்னும் ஒரு கோடையாவது சரியாகப் பயன்படுத்தப்பட்ட பிறகு நியாயமாகும்.

கேள்வி: ஆகஸ்டில் டொரீனோவுக்கு எதிரான முதல் ஆட்டத்தில் எதைக் கவனிக்க வேண்டும் சார்?

பதில்: கோல் கணக்கைக் கவனிக்காதீர்கள். பந்தை இழந்த இடத்துக்கு மிக அருகே இருக்கும் மூன்று பேர் முன்னால் பாய்கிறார்களா, பின்னால் ஓடுகிறார்களா என்று பாருங்கள். அறுபதாவது நிமிடத்தில் மிகித்தரியான் களத்தில் இருந்தால் அவருக்குப் பதில் யார் எழுந்து தயாராகிறார் என்று பாருங்கள். மூன்றாவது வாரத்திலேயே டூரினில் யுவென்டசைச் சந்திக்க வேண்டியிருக்கிறது. கிவு சுச்சிச்சை அந்த ஆட்டத்தில் முதலிலேயே இறக்கினால், வேலை தொடங்கிவிட்டது என்று எடுத்துக்கொள்வேன்.